பிள்ளையே டாக்டரைக் கேட்டால்

"சித்தி, என்னை மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?" பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் இப்படிக் கேட்டபோது, எனக்கு அவள் மேல் மரியாதைதான் வந்தது. பல மாதமாகச் சரியான தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடப்பு. பரீட்சை பயம் என்றார்கள் வீட்டில். கடலூர் முதுநகரில் எங்கள் தெருக்காரர்கள் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார்கள்.

முதலில் 14416-க்குப் பேசினோம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அப்புறம் அக்காவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறி, புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போனோம். 18 வயது ஆகாத பிள்ளையின் சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் கூட்டிப்போவது சரிவராது.

டாக்டர் அவளிடம் தனியாகப் பேசினார். தூக்கம், பசி, தோழிகள் என்று தொடங்கி, சாகத் தோன்றுகிறதா என்பது வரை நேராகவே கேட்டாராம். அக்கா பதறிப்போனாள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் பிள்ளை மனதில் முளைக்காது. உள்ளே அடக்கி வைத்திருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

"நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தா?" என்றார் மாமா. சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது 2017 மனநலச் சட்டம் தரும் உரிமை என்று எடுத்துச் சொன்னேன். அடுத்த முறை அவரும் வருகிறார்.