நான்காவது தூண்

"அப்பா, கை வைக்காதீங்க!"

மகளுக்கு நான்கு வயதுதான் ஆகிறது. கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு மரக்கட்டைகளால் எங்கள் அடுக்குமாடி புளோக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வழக்கமாகப் பிள்ளைகள் அடியிலிருந்தே அடைத்துத்தானே கட்டுவார்கள், இவள் கீழே காலியாக விட்டுத் தூண்களை மட்டும் நிறுத்தினாள். வாய்ட் டெக்காம், புளோக்கின் அடியில் திறந்து கிடக்கும் தளம். பாட்டி உட்காரும் இடமாம்.

நான்காவது தூணுக்கு நீளக்கட்டை இல்லை. குட்டையை வைத்தாள், மேல்தளம் சாய்ந்து எல்லாம் சரிந்தது. மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை விழுந்தபோது எனக்குக் கை துறுதுறுத்தது. அவள் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள், அப்புறம் இரண்டு குட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, பக்கத்துத் தூணோடு ஒட்டி நிறுத்தி, உச்சியை விரலால் தடவிப் பார்த்தாள்.

சமம்.

பாதியும் பாதியும் ஒன்று என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

அமெரிக்க ஆசிரியை கேரலைன் பிராட் வடிவமைத்த இந்த வகைக் கட்டைகளின் அளவே அப்படித்தான், இரண்டு சின்னது ஒரு பெரியதற்குச் சமம். அவருக்கும் முன்னால், 1840இல் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்த ஜெர்மானியர் ஃபுரோபெலும் பிள்ளைகள் கையில் மரக்கட்டையைத்தான் கொடுத்தார்.

நானோ போன வாரம் கணக்குப் பயிற்சிக்கான அசெஸ்மென்ட் புத்தகம் வாங்கி வந்திருக்கிறேன். நான்கு வயதுக்கு! சரி, அலமாரியிலேயே கிடக்கட்டும்.

இப்போது லிஃப்டை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.