அரை மில்லிமீட்டரோடு மூன்று வாரம்: பிரித்து எடுத்துச் செல்லும் மாதிரி ரயில் பாதை

நேற்று இரண்டு பலகைகளையும் பிரித்து, மாடிப்படி இறக்கி, மறுபடி ஏற்றிப் பூட்டினேன். எஞ்சினும் நான்கு பெட்டிகளும் இருபது சுற்று தடம் புரளாமல் ஓடின. இதற்குத்தான் மூன்று வாரம் பிடித்தது.

நான் எடுத்துக்கொண்டது ‘என்’ ஸ்கேல். நிஜ ரயிலில் 160-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டர். 60 செ.மீ. சதுரப் பலகைகள் இரண்டைச் சேர்த்தால் முழு வளையமும் அடங்கிவிடுகிறது. அடியில் பிளைவுட் சட்டம், மேலே கனமில்லாத ஃபோம் அட்டை. வளைவோ பாதை பிரியும் இடமோ பலகைகள் சேரும் கோட்டின் மேல் வரக் கூடாது என்று வரைபடத்திலேயே பார்த்துக்கொண்டேன். இரண்டு நேர்ப்பாதைகளும் அந்தக் கோட்டைச் செங்குத்தாகக் கடக்கின்றன.

முதலில் ஒவ்வொரு பலகையிலும் தனித்தனியாகத் தண்டவாளம் பதித்து, பலகைகளை போல்ட்டால் முடுக்கினேன். பார்வைக்கு எல்லாம் சரிதான். ஆனால் முதல் பெட்டியே கவிழ்ந்தது. விரலால் தடவிப் பார்த்தபோது ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றது. 160-ஆல் பெருக்கிப் பாருங்கள்: நிஜத் தண்டவாளத்தில் அது 8 செ.மீ. படி. எந்த ரயில் அதன் மேல் ஏறும்?

போல்ட்டின் வேலை இறுக்குவது மட்டுமே. அதன் துளையில் எப்போதும் சிறிது இடைவெளி இருக்கும். இடம் பிசகாமல் பொருத்துவதற்குத் தனி முளைகள் வேண்டும். ஆகவே இரண்டு சட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் துளையிட்டு, ஒருபுறம் உலோக முளையும் மறுபுறம் அதற்கேற்ற குழியும் வைத்தேன்.

பிறகு பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, பூட்டிய பலகைகளின் மேல் துண்டிக்காத ஒரே தண்டவாளமாகப் பதித்தேன். இணைப்பை ஒட்டி இரு பக்கமும் மூன்று மூன்று பிளாஸ்டிக் ஸ்லீப்பர்களை (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை) நீக்கி, ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேர் கீழே ஒரு பித்தளைத் திருகை இறக்கினேன். உயரத்தைச் சரிசெய்ய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கால் சுற்று திருப்பினால் போதும், தலை தண்டவாளத்தின் அடியைத் தொட்டு நிற்கும். திருகின் தலையில் முன்கூட்டியே பற்றவைக்கும் ஈயம் பூசிவிட்டு, பக்கத்து ஸ்லீப்பர்கள் உருகாமலிருக்க ஈரத்துணி போர்த்தி, சட்டென்று சூடு வைத்து எடுத்தேன். ஈயம் பளபளவென்று ஓடித் தண்டவாளத்தைக் கவ்வும் அந்த நொடியில் கை நடுங்கக் கூடாது.

எல்லாம் ஆறிய பின்புதான் மெல்லிய ரம்பத்தால் இணைப்புக் கோட்டின் மேல் அறுத்தேன். ஒன்றாக இருந்ததை அறுத்ததால் இரு முனைகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. சக்கரம் கடக்கும்போது ‘டக்’ என்று மெல்லிய ஒலி வருகிறது. அதைக் கேட்பதற்காகவே விளக்கை அணைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அறுத்த இடத்தில் மின்சாரமும் அறுந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பலகைக்கும் தனி ஒயர் கொடுத்து, நடுவே ஒரு பிளக்கால் இணைத்திருக்கிறேன்.

ஜல்லி இன்னும் பாக்கி. பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் ஜல்லிக்குள் ஊறிப் போகும். சோதனைத் துண்டில் நன்றாகப் பிடித்தது. அதற்கு முன் வெட்டு முனைகளை மறைக்கும் காப்புப் பலகை செய்தாக வேண்டும். தூக்கிச் செல்லும்போது கதவு நிலையில் இடித்தால் முதலில் வளைவது அந்த முனைகள்தாம்.