அம்மாவோட உரிமைத் தொகையை பேங்க் பிடிச்சுக்கிட்டாங்க, திரும்ப வாங்குன அனுபவம்

2023 செப்டம்பர் 15. எங்க லைன் வீட்ல இருக்கிற எல்லாருக்கும் போன்ல மெசேஜ் வந்துடுச்சு, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபா வரவு வச்சாச்சுன்னு. அம்மாவுக்கு மட்டும் வரல. ரெண்டு நாள் பாத்துட்டு எனக்கு போன் பண்ணி "எம்பட பேரு விட்டுப்போச்சாட்ட இருக்குது கண்ணு"ன்னாங்க. குரலே சரியில்ல. ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ல இருந்து திருப்பூருக்கு போனேன், லீவு போட்டு இ-சேவை மையத்துல பாத்தா மனு ஓகே ஆகியிருக்கு, காசும் போயிருக்கு, அம்மா எழுதிக்கொடுத்த அதே அக்கவுண்டுக்கு.

அந்த அக்கவுண்ட் எப்படிப்பட்டதுன்னா, அம்மா பனியன் கம்பெனில டெய்லரா இருந்தப்போ கம்பெனியே ஒரு தனியார் பேங்க்ல ஓபன் பண்ணிக் கொடுத்த சம்பள அக்கவுண்ட். ஜீரோ பேலன்ஸ்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாங்க. 2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலை லாக்டவுன்ல கம்பெனி மூடுனதோட அம்மா வேலைக்குப் போறதை நிறுத்திட்டாங்க, கடைசியா இருந்த சம்பளத்தையும் ஏடிஎம்ல எடுத்தாச்சு, உள்ள 37 ரூபா கெடந்துச்சு. ஏடிஎம் கார்டு கையில இருந்ததால உரிமைத் தொகை ஃபார்ம்ல அந்த நம்பரையே எழுதிட்டாங்க.

பேங்க்ல போய் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாத்தப்போதான் விஷயம் புரிஞ்சுது. சம்பளம் வராம மூணு மாசம் ஆனதும் அவங்களே அதை சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டா மாத்திட்டாங்க. மினிமம் பேலன்ஸ் 5,000. இல்லாட்டி குறையுற தொகைல 6 சதவீதம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மாசம் 354 ரூபா. 2021 செப்டம்பர்ல இருந்து 24 மாசம் இப்படியே ஏத்திக்கிட்டே வந்து, கெடந்த 37 ரூபாயை எடுத்தது போக பாக்கி 8,456 ரூபான்னு எழுதி வச்சிருக்காங்க, ஆயிரம் ரூபா வந்த உடனே அதுல கழிச்சாச்சு. அப்படியே விட்டா இன்னும் எட்டு மாசத் தொகையும் அதுக்குள்ளயே போயிடும், அதுவும் மாசாமாசம் 354 கூடாம இருந்தா.

கவுண்ட்டர்ல இருந்த தம்பி "சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா எடுக்குதுங்க மேடம், எங்க கையில எதுவும் இல்ல"ன்னு சொன்னார். அவர் மேல எனக்குக் கோவம் இல்ல, அவரால முடிஞ்சது அவ்வளவுதான். ஆனா அம்மா பக்கத்துல நின்னு "நான் ஒரு பைசா கடன் வாங்கலியேங்க"ன்னு சொன்னது இன்னைக்கும் என் காதுல இருக்கு.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து ரிசர்வ் பேங்க் சர்க்குலர் எல்லாம் படிச்சேன். இங்கதான் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா காசு திரும்ப வந்ததுக்கு காரணமே இதுதான். 2014 நவம்பர் 20 தேதி போட்ட ஒரு சர்க்குலர் இருக்கு, 2015 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறை. மினிமம் பேலன்ஸ் குறைஞ்சா உடனே பிடிக்க முடியாது, முதல்ல எஸ்எம்எஸ்லயோ மெயில்லயோ லெட்டர்லயோ வாடிக்கையாளருக்கு தகவல் சொல்லணும், ஒரு மாசம் டைம் கொடுக்கணும், அப்பவும் சரி பண்ணலைன்னாதான் சார்ஜ். அந்த சார்ஜும் குறையுற தொகைக்கு ஏத்த மாதிரிதான் இருக்கணும். எல்லாத்தையும் விட முக்கியம், மினிமம் பேலன்ஸ் சார்ஜ் போட்டதால மட்டும் ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் மைனஸ்ல போகக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. அதுபோக ரெண்டு வருஷத்துக்கு மேல நாம எந்தப் பரிவர்த்தனையும் பண்ணாத அக்கவுண்ட்ல மினிமம் பேலன்ஸுக்கு அபராதமே போடக்கூடாதுன்னு அதே 2014ல இன்னொரு உத்தரவு. அம்மா கடைசியா காசு எடுத்தது 2021 மே. அப்போ 2023 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசம் போட்டது அந்த உத்தரவுப்படியே தப்பு.

இதுக்கு நடுவுல தமிழ்நாடு அரசோட புகார் உதவி நம்பர் 1100க்கும் போன் பண்ணுனேன். உரிமைத் தொகையை பேங்க்காரங்க சார்ஜுக்கு நேர் பண்ணக்கூடாதுன்னு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்பவே அறிக்கை விட்டிருந்தார், எங்க வீட்டுல மட்டும் நடந்த விஷயம் இல்ல இது. புகாரைப் பதிஞ்சு நம்பர் கொடுத்தாங்க. ஆனா பேங்க்கை எழுத்துல பதில் சொல்ல வைக்கிற வழி தனியா இருக்குன்னு தெரிஞ்சதால அதையும் சேத்தே ஆரம்பிச்சேன்.

செப்டம்பர் 25 அம்மா பேர்ல லெட்டர். ரெண்டு காப்பி, ஒண்ணுல தேதியோட சீல் வாங்கிக்கிட்டேன் (சீல் போடத் தயங்குனாங்க, மேனேஜரைப் பாத்துக் கேட்டதும் போட்டாங்க, சீல் வாங்காம தயவுசெஞ்சு வெளிய வராதீங்க). லெட்டர்ல அம்மாவோட கஷ்டத்தை ரெண்டு வரிதான் எழுதுனேன், மீதியெல்லாம் கேள்வி. சம்பள அக்கவுண்ட்டை மாத்துனப்போ என்னைக்கு எந்த நம்பருக்கு தகவல் அனுப்புனீங்க, சார்ஜ் போடறதுக்கு ஒரு மாசம் முன்னாடி அனுப்புன நோட்டீஸ் எங்க, 37 ரூபா மட்டும் இருந்த அக்கவுண்ட்ல 8,456 ரூபா எப்படி பாக்கி ஆச்சு. பிடிச்ச காசு எல்லாத்தையும் திருப்பிப் போடணும், பாக்கியை ரத்து பண்ணணும்னு முடிச்சேன். அதையே குறை தீர்க்கிற மெயிலுக்கும் அனுப்பி புகார் நம்பர் வாங்கிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு மெயில் வந்துச்சு. பேலன்ஸ் ஜீரோதான், மைனஸ் இல்ல, அது லியன் (பாக்கிக்காக காசைப் பிடிச்சு வைக்கிற உரிமை) மட்டுமேன்னு ஒரு வரி. விதிமுறைப்படிதான் பிடிச்சோம், இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில பாதியை ரத்து பண்றோம்னு இன்னொரு வரி. நோட்டீஸ் பத்தி கேட்டதுக்கு பதிலே இல்ல. அதுக்குள்ள அக்டோபர் ஆயிரமும் போயிடுச்சு. பாதிக்கு ஒத்துக்கலாம்னு அம்மா சொன்னாங்க, எனக்கு மனசு வரல. வரப்போற காசைப் பிடிக்கிறதுக்குன்னு எழுதி வச்சா அது மைனஸ்தான், அதுக்கு லியன்னு பேர் வச்சா மட்டும் வேற ஆயிடாது.

பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலைன்னாலோ, சொன்ன பதில் நமக்கு ஒத்துவரலைன்னாலோ ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளர் கிட்ட போகலாம். 2021 நவம்பர் 12ல இருந்து எல்லாத்துக்கும் ஒரே திட்டம், ஊர் வரம்பு கிடையாது, ஒரு ரூபா கட்டணம் கிடையாது. புகார் பதியறதுக்குன்னு அவங்க வச்சிருக்கிற சிஎம்எஸ் வெப்சைட்ல ஓடிபி போட்டு உள்ள போய் பதியணும், ஆன்லைன் முடியாதவங்க சண்டிகர் செக்டர் 17ல இருக்கிற மையத்துக்கு லெட்டராவும் அனுப்பலாம், 14448ல தமிழ்லயே சந்தேகம் கேக்கலாம். பேங்க் பதில் சொன்னதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும்னு அப்போ விதி இருந்துச்சு. வக்கீல் நமக்காகப் போட முடியாது, ஆனா மகளோ மகனோ போடலாம், அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி நான்தான் போட்டேன். சீல் போட்ட லெட்டர், பேங்க் பதில், ஸ்டேட்மென்ட் மூணையும் ஏத்துனேன்.

நவம்பர் காசு தீபாவளிக்கு முன்னாடியே எல்லாருக்கும் வந்துச்சு, எங்க அம்மாவோடது மறுபடியும் பிடிபட்டுச்சு. அந்த தீபாவளிக்கு அம்மா எதுவும் கேக்கல. கேட்டிருந்தாக்கூட பரவால்லன்னு தோணுச்சு எனக்கு.

நவம்பர் கடைசில பேங்க்ல இருந்து போன். இந்த தடவை பேசுன ஆபீசர் ரொம்ப மரியாதையா பேசுனார், புகாரை வாபஸ் வாங்கிட்டா ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்னார். முழுசும் அக்கவுண்ட்டுக்கு வந்து, பாக்கி ஜீரோன்னு எழுதிக் கொடுத்தா அதை அப்படியே ரிசர்வ் பேங்க்குக்கு சொல்றேங்க சார், அதுக்கு முன்னாடி வாபஸ் இல்லன்னு சொன்னேன். நோட்டீஸ் அனுப்புனதுக்கு ரெக்கார்டு இருக்குதான்னு கேட்டேன், பழைய நம்பருக்குப் போயிருக்கும்னு சொன்னாரே தவிர காட்டல. டிசம்பர் முதல் வாரத்துல மூவாயிரமும் அந்த 37 ரூபாயும் திரும்ப வந்துச்சு, பாக்கி மொத்தமும் ரத்து. கூடவே அக்கவுண்ட்டை அடிப்படை சேமிப்புக் கணக்கா மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். அதுல மினிமம் பேலன்ஸே கிடையாது, மாசம் நாலு தடவை இலவசமா எடுக்கலாம், எந்த பேங்க்லயும் கேட்டு வாங்கலாம், ஆனா அவங்களா சொல்ல மாட்டாங்க.

2018ல இருந்து அரசு பேங்குகளும் அஞ்சு பெரிய தனியார் பேங்குகளும் மினிமம் பேலன்ஸ் இல்லாததுக்கு மட்டும் 21,000 கோடிக்கு மேல வசூல் பண்ணியிருக்காங்கன்னு 2023 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல அரசாங்கமே சொல்லுச்சு. பேலன்ஸ் வைக்க முடியாதவங்க கிட்ட வாங்குன காசு அது. ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்லயே இந்த சார்ஜை எடுத்துட்டாங்க, மத்தவங்களாலயும் முடியும்.

கிரெடிட் கார்டு வச்சு கஷ்டப்படுற ஒரு ஃபிரண்டுக்கும் இதே வழியத்தான் சொன்னேன். கார்டை க்ளோஸ் பண்ணச் சொல்லி கேட்டா, பாக்கி எதுவும் இல்லாத பட்சத்துல, ஏழு வேலை நாள்ல முடிக்கணும், தாண்டுனா ஒரு நாளைக்கு 500 ரூபா அவங்க நமக்குத் தரணும். கேக்காமலே கார்டு கொடுத்து பில் போட்டா அதை ரத்து பண்றதோட அந்தத் தொகையில ரெண்டு மடங்கு அபராதமும் தரணும். ரெண்டுமே ரிசர்வ் பேங்க்கோட 2022 உத்தரவுல இருக்கு. அவளும் போன்ல பேசுறதை விட்டுட்டு மெயில்ல எழுத ஆரம்பிச்சுட்டா.

டிசம்பர் 15 காசு விழுந்ததும் அம்மாவை நானே ஏடிஎம்முக்குக் கூட்டிட்டுப் போனேன். 4,037 இருந்துச்சு. நாலாயிரம் எடுத்து ரெண்டு தடவை எண்ணிப் பாத்துட்டு, ஸ்லிப்பைக் கண்ணுகிட்ட வச்சுப் படிச்சாங்க. "அந்த முப்பத்தேழு ரூவா அதுலயே கெடக்கட்டும் கண்ணு, மறுக்கா எடுக்கறாங்களான்னு பாக்கோணும்"னாங்க. மாசாமாசம் ஸ்லிப்பைப் பாக்குறாங்க, அப்படியேதான் இருக்கு.