வீட்டு ஸ்பானிஷிலிருந்து கட்டுரை ஸ்பானிஷுக்கு: 15 வார வகுப்பு ஒன்றின் நடைமுறை

அம்மாவோடு ஸ்பானிஷில் சண்டை போடுவார்கள். பாட்டியின் கைவைத்தியத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். அதே மொழியில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். தெற்குக் கலிபோர்னியாவில் இந்த வகுப்புக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படித்தான். ஸ்பானிஷில் இவர்களை 'ஆப்லாந்தெஸ் தே எரென்சியா' என்பார்கள், அதாவது மொழியைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவர்கள். குவாதலூப்பே வால்தெஸ் 2001ல் தந்த வரையறைதான் இத்துறையில் இன்றும் புழங்குகிறது: ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் வீட்டில் வளர்ந்து, அந்த மொழியைப் பேசவோ குறைந்தபட்சம் புரிந்துகொள்ளவோ தெரிந்த, ஓரளவுக்காவது இருமொழியாளர்.

எழுத வராததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் மேல். ஆனால் எழுத்து கற்பது பள்ளியில், பள்ளியோ ஆங்கிலத்தில். கலிபோர்னியாவில் 1998ல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 227ஆம் முன்மொழிவு இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கியது. 2016ல் 58ஆம் முன்மொழிவு வந்துதான் அந்தக் கட்டு தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பள்ளிக்குப் போனவர்களுக்கு ஸ்பானிஷ் காதில் மட்டுமே இருக்கிறது. காது முன்னே போய்விட்டது, கை பின்தங்கிவிட்டது. காதை வைத்துக் கையை இழுத்து வர வேண்டும். வெளிநாட்டு மொழியாக ஸ்பானிஷ் கற்பவர்களுக்கான பாடநூலை இவர்களிடம் கொடுத்தால் முதல் வாரத்திலேயே கொட்டாவி வரும், நான்காம் வாரத்தில் தேர்வில் தோற்பார்கள். 'இறந்தகாலத் துணைநிலை வினையை எழுதுக' என்ற கேள்விக்கு வெற்றுத்தாளை நீட்டுகிற பெண், 'பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்' என்பதை ஸ்பானிஷில் அதே துணைநிலை வினையோடு தடுமாறாமல் சொல்வாள். அவளுக்குத் தெரியாதது கலைச்சொல்தான்.

அதனால் முதல் நாள் இலக்கணத் தேர்வு வைப்பதில்லை. நான்கு காரியங்கள் மட்டும். வீட்டில் யார் யாரோடு எந்த மொழி என்று ஒரு பக்க வினாப்பட்டியல். 2 நிமிடக் குரல்பதிவு. கையால் 25 நிமிட எழுத்து. 60 சொற்கள் கொண்ட ஒரு டிக்டேஷன். இதில் டிக்டேஷன்தான் தங்கச்சுரங்கம், ஏனென்றால் காதுக்கும் கைக்கும் உள்ள தூரம் அதில் அப்படியே தெரிந்துவிடும். அந்தத் தாள்களைத் திருத்தாமல் பத்திரப்படுத்துகிறோம், 15ஆம் வாரத்தில் தேவைப்படும்.

முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டிய அற்ப வேலை ஒன்று உண்டு: விசைப்பலகை. விண்டோஸில் ஆல்ட் விசையோடு 164 அடித்தால் மேலே அலைக்கோடு கொண்ட 'என்யே' எழுத்து வரும், 160 அடித்தால் அழுத்தக்குறியோடு 'ஆ', 168 அடித்தால் தலைகீழ்க் கேள்விக்குறி. ஆனால் தனி எண்பலகை இல்லாத மடிக்கணினியில் இது வேலைசெய்யாது. 'யு.எஸ். இன்டர்நேஷனல்' அமைப்புக்கு மாற்றிவிட்டால், மேற்கோள் விசையைத் தட்டி உயிரெழுத்தை அடித்தாலே போதும். மறக்காமல் வேர்டில் திருத்தமொழியை ஸ்பானிஷுக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பக்கம் முழுக்கச் சிவப்புக்கோடு விழும், மாணவர் அதை அலட்சியம் செய்யப் பழகிவிடுவார். என்யே ஏன் முக்கியம் என்று கேட்பவருக்கு ஒரே பதில்: அலைக்கோடு போனால் 'எனக்கு 20 வயது' என்ற வாக்கியத்தில் வயது போய் ஆசனவாய் வந்துவிடும். ஒரு தடவை சிரித்துவிட்டால் பிறகு யாரும் மறப்பதில்லை.

அடுத்து எழுத்துப்பிழை. நம் ஊர்ப் பிள்ளைகள் ல, ள, ழவில் தடுக்கி விழுவதுபோல இவர்கள் விழும் இடங்களும் எண்ணினால் சிலவே. பி, வி எழுத்துகள் இரண்டுக்கும் ஸ்பானிஷில் ஒரே ஒலி. மெக்சிகோவில் அவற்றைப் 'பெரிய பே', 'சின்ன பே' என்றும், 'கழுதை பே', 'பசு பே' என்றும் சொல்லித்தான் வேறுபடுத்துவார்கள். லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் எஸ், இஸட் இரண்டும் ஒன்று, இ, ஐ முன்னால் வரும் சி-யும் அதே ஒலிதான். எச் எழுத்துக்கு ஒலியே கிடையாது. ஆகவே காது இங்கே உதவாது, விதிதான் உதவும். நூற்றுக்கணக்கான விதிகளை அடுக்காமல் அதிகம் புழங்கும் ஐந்தாறை மட்டும் பிடிக்கிறோம். எம்-முக்குப் பின் கழுதை பே, என்-னுக்குப் பின் பசு பே. 'கந்தாபா' போல 'ஆபா' என்று முடியும் இறந்தகால வினை எல்லாமே கழுதை பே. 'போகிறேன், போகிறான், போகிறோம்' என்ற மூன்றும் பசு பே. 'ஆ பேர்' என்று காதில் விழுவதை இரண்டு விதமாக எழுதலாம். அந்த இடத்தில் 'பார்ப்போம்' என்று மாற்றிச் சொன்னால் பொருந்துகிறதா? பொருந்தினால் பிரித்து எழுது, பசு பே போடு. பொருந்தாவிட்டால் ஒரே சொல், முன்னால் எச், நடுவில் கழுதை பே. இந்த மாற்றிப்பார்க்கும் சோதனையை விதி என்று சொல்லாமல் தந்திரம் என்று சொன்னால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

காது முழுசாகக் கைகொடுக்கிற இடம் அழுத்தக்குறி, ஸ்பானிஷில் 'தில்தே'. வெளிநாட்டு மாணவருக்கு ஒரு மாதம் பிடிப்பது இவர்களுக்கு இரண்டு வகுப்பில் வந்துவிடும், ஏனென்றால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், 'அழுத்தம் எந்த அசையில்?' என்று கேட்டால் விழிப்பார்கள். அதற்குப் பதில், தெருமுனையில் விளையாடுகிற தம்பியைக் கூப்பிடுவதுபோல அந்தச் சொல்லைக் கூவிப் பாருங்கள் என்கிறோம். எந்த அசை தானாக நீள்கிறதோ அங்கேதான் அழுத்தம். பிறகு விதி இரண்டே வரி. உயிரெழுத்திலோ என், எஸ் எழுத்துகளிலோ முடியும் சொல்லுக்கு இயல்பான அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில், மற்றவற்றுக்குக் கடைசி அசையில். இயல்பை மீறினால் மட்டும் குறி போடு.

கரும்பலகையில் ஒரே சொல்லை மூன்று தடவை எழுதுகிறோம்: தேர்மினோ. 'தேர்' நீண்டால் 'கலைச்சொல்' அல்லது 'முடிவு' என்று பொருள். 'மி' நீண்டால் 'முடிக்கிறேன்'. 'னோ' நீண்டால் 'முடித்தார்'. நடுவிலது இயல்பு, குறி வேண்டாம். மற்ற இரண்டுக்கும் வேண்டும். அதன்பின் பயிற்சிக்கு அவர்களுடைய குடும்பப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். மர்தீனெஸ், எர்னாந்தெஸ், லோபெஸ் எல்லாம் இஸட் எழுத்தில் முடிந்து கடைசிக்கு முந்தைய அசையில் அழுந்துபவை, ஆகவே குறி உண்டு. ஃப்ளோரெஸ், மொராலெஸ் எஸ்-ஸில் முடிகின்றன, குறி இல்லை. இவர்கள் பிறந்தபோது கலிபோர்னியாப் பிறப்புச் சான்றிதழில் தில்தேக்கு இடம் இருக்கவில்லை. தன் பெயரிலேயே ஒரு குறி விடுபட்டிருக்கிறது என்று பலருக்கு அந்த வகுப்பில்தான் தெரியவரும். இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தில்தேமேல் வருகிற அக்கறையை எந்தத் தேர்வாலும் வரவழைக்க முடியாது. இன்னும் ஒன்று, 'கன்சியோன்' என்ற ஒருமைக்குக் குறி உண்டு, 'கன்சியோனெஸ்' என்ற பன்மைக்கு இல்லை. ஏன் என்று விதியை வைத்து அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். ஆறாம் வாரம் வரை தில்தேக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

இனி ரொம்பக் கவனமாகக் கையாள வேண்டிய விஷயம். 'ஆயா' என்று எழுத வேண்டிய வினையை 'ஆய்கா' என்றும், 'கொண்டுவந்தேன்' என்பதற்குத் 'த்ராஹே'க்குப் பதில் 'த்ரூஹே' என்றும் எழுதுவார்கள். சிவப்பு மையால் அடித்தால் அடிபடுவது அந்தப் பிள்ளையின் பாட்டி. ஏற்கெனவே மெக்சிகோ உறவினர்களிடம் 'போச்சோ' என்று கேலி வாங்கியவர்கள் இவர்கள், அமெரிக்காவில் கரைந்து மொழி கெட்டவன் என்ற அர்த்தத்தில். த்ரூஹே 16, 17ஆம் நூற்றாண்டு ஸ்பானிஷ் எழுத்தில் சாதாரணமாக வரும் வடிவம், கிராமப்புறங்களில் தங்கிவிட்டது. இதைச் சொன்னாலே வகுப்பில் முதுகு நிமிரும். அதற்காகக் கட்டுரையில் விட்டுவிடுவதும் இல்லை. தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் வீட்டில், வலப்பக்கம் கட்டுரையில் என்று எழுதவைக்கிறோம். சரக்கு வண்டிக்கு 'த்ரோகா' இடப்பக்கம், 'கமியொனேதா' வலப்பக்கம். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் பழகிய நமக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம்.

ஆங்கில வாடை அடிக்கிற சொல் எல்லாமே தப்பு என்று முடிவுகட்டுவதும் ஆசிரியர்கள் செய்யும் பிழை. வீட்டு வாடகைக்கு 'ரெந்தா' என்பது மெக்சிகோவில் சாதாரணச் சொல். சந்தேகம் வந்தால் ஸ்பானிஷ் மொழிக் கழகங்களின் கூட்டமைப்பு 2010ல் வெளியிட்ட, அமெரிக்கக் கண்டங்களில் புழங்கும் ஸ்பானிஷ் சொற்களின் அகராதியைப் புரட்டிவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது. உண்மையில் கெடுப்பவை பார்வைக்கு ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருப்பவை. சான்று வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது என்று எழுத நினைத்து 'சொபொர்தார்' போடுவார்கள். ஸ்பானிஷ் வாசகருக்கு அது 'சான்று வாதத்தைச் சகித்துக்கொள்கிறது' என்று படும். 'ரெஸ்பால்தார்' என்ற ஒரு சொல் அந்தக் கட்டுரையைக் காப்பாற்றும். இன்னொன்று, 'வாசிப்பது முக்கியம்' என்பதற்கு 'லெயெந்தோ' என்று தொடங்குவது. எழுவாயாக வர வேண்டியது வினையின் மூலவடிவமான 'லேயேர்'. மாதம், கிழமை, மொழி, நாட்டினம் ஆகியவற்றின் பெயர்களுக்கு ஸ்பானிஷில் சிறிய எழுத்து, நூல்தலைப்பில் முதல் சொல்லுக்கு மட்டும் பெரியது, முற்றுப்புள்ளி மேற்கோள்குறிக்கு வெளியே. இவற்றை ஒரு அட்டையில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் போதும், வகுப்புநேரம் வேண்டாம்.

ஐந்தாம் வாரம் முதல் முக்கியப் பயிற்சி. தலைப்பைப் பற்றி 90 விநாடி கைப்பேசியில் பேச வேண்டும். பேசியதை 'ம்', 'அதாவது' உட்பட அப்படியே எழுத வேண்டும். பிறகு அதைக் கட்டுரை வாக்கியமாக்க வேண்டும். ஒரு மாதிரி இதோ. பேச்சில்: 'புவெஸ், லா ரெந்தா எஸ்தா பியென் காரா, ஈ லுவேகோ லா ஹென்தே சே தியேனே கே இர்.' வாடகை ரொம்ப எகிறிப்போச்சு, அப்புறம் ஜனங்க கிளம்பத்தான் வேண்டியிருக்கு. எழுத்தில்: 'எல் ஆல்சா தே லோஸ் அல்கிலேரெஸ் ஆ ஓப்லிகாதோ ஆ நுமெரோசாஸ் ஃபமீலியாஸ் ஆ அபாந்தொனார் எல் பார்ரியோ.' வாடகை உயர்வு ஏராளமான குடும்பங்களை இப்பகுதியை விட்டு வெளியேற வைத்துள்ளது. நடந்தது இவ்வளவுதான்: 'காரா' என்ற பெயரடை 'ஆல்சா' என்ற பெயர்ச்சொல் ஆனது, 'அப்புறம்' என்ற ஒட்டு உதிர்ந்து காரணம் எழுவாயானது, பொதுவான 'ஜனங்கள்' எண்ணக்கூடிய 'குடும்பங்கள்' ஆனார்கள். இந்த மூன்று மாற்றத்தையும் பெயர் சொல்லி, வாரத்துக்கு ஒன்றாகப் பழக்குகிறோம். மூன்றையும் ஒரே நாளில் கேட்டால், மாணவர் அகராதியில் பெரிய சொற்களைத் தேடி ஒட்டவைத்து, யாருக்கும் புரியாத ஒன்றைக் கொண்டுவருவார்.

காதில் ஒருபோதும் விழாத சொற்களும் உண்டு. 'எவருடைய' என்ற பொருளில் வரும் 'கூயோ' எந்தச் சமையலறையிலும் கேட்காது. 'நோ ஓப்ஸ்தாந்தே', 'அசிமிஸ்மோ' போன்ற இணைப்புச் சொற்களும் அப்படியே. இவற்றைப் பட்டியலாகக் கொடுத்தால் ஒவ்வொரு பத்தியும் 'இருப்பினும்' என்று ஆரம்பிக்கும். காதுக்கு முதலில் ஊட்ட வேண்டும். தினம் 10 நிமிடம் ஒரு நாளிதழின் கருத்துக்கட்டுரையை வாய்விட்டுப் படிப்பது, இணைப்புச் சொல் வரும்போது நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. மூன்று வாரத்தில் அவை தாமாக எழுத்தில் எட்டிப்பார்க்கும். கட்டுரையின் மொத்த அமைப்பை மட்டும் திரும்பக் கற்பிக்க வேண்டாம். மையக்கருத்து, பத்திக்கு ஒரு வாதம், சான்று எல்லாம் ஆங்கிலப் பள்ளியில் ஏற்கெனவே கற்றுவிட்டார்கள், ஸ்பானிஷ் பெயர்களைச் சொன்னால் போதும்.

ஒரு கட்டுரைக்கு மூன்று வரைவு. முதல் வரைவில் ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் தொடுவதில்லை, வாதம் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். இரண்டாவதில் ஆளுக்கு இரண்டே வகைப் பிழை, ஓரத்தில் குறியீடு மட்டும், சரியான வடிவத்தை நாங்கள் எழுதுவதில்லை. மூன்றாவதோடு பிழைக்குறிப்பேடு வரும், தவறு, சரி, காரணம் என்ற மூன்று நெடுவரிசைகளோடு. கணக்கும் இதையே சொல்கிறது. 22 பேருக்கு எல்லாப் பிழையையும் குறித்தால் ஆளுக்கு அரைமணி, மொத்தம் 11 மணி நேரம். இரண்டு வகை மட்டும் என்றால் ஆளுக்கு 12 நிமிடம், நாலரை மணிக்குள் முடியும். முழுக்கச் சிவந்த தாளை எப்படியும் யாரும் படிப்பதில்லை.

மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதி ஒட்டுவது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. வீட்டில் ஒருபோதும் காதில் விழாத ஸ்பெயின் நாட்டு 'வொசோத்ரோஸ்' ('நீங்கள்') திடீரென்று எட்டிப்பார்த்தால் தெரிந்துவிடும். போலீஸ் வேலை பார்ப்பதில் பயனில்லை. குரல்பதிவு, அதன் எழுத்துப்படி, மூன்று வரைவு என்று எல்லாமே சங்கிலியாக இருப்பதால் நடுவில் ஒட்டியது தனியாகத் துருத்தும். சந்தேகமிருந்தால் 3 நிமிடம் அந்தக் கட்டுரையைப் பற்றி ஸ்பானிஷில் பேசச் சொன்னால் போதும். இந்தப் பிள்ளைகளுக்கு அது தண்டனையும் இல்லை, பேச்சு அவர்களுடைய கோட்டை.

15ஆம் வாரம் முதல் நாளின் அதே டிக்டேஷன். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'ஆபீயா', 'தெனீயா', 'கன்சியோன்' எல்லாவற்றிலும் குறி ஏறியிருக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் ஓரசைச் சொற்கள்: 'அவர்' என்ற 'எல்' குறியோடு, பெயர்ச்சொல் முன் வரும் 'எல்' குறியில்லாமல். 'ஆம்' என்ற 'சி' குறியோடு, 'வந்தால்' என்பதில் வரும் 'ஆல்' விகுதியின் பொருள் தரும் 'சி' குறியில்லாமல். கூவிப் பார்த்தாலும் இவற்றில் எதுவும் நீளாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் கணினியில் 'எல்', 'சி', 'மாஸ்', 'தூ' ஆகிய நான்கையும் தேடி ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறோம், ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம். 'மட்டும்' என்ற பொருளில் வரும் 'சோலோ'வுக்குக் குறி உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள். ஸ்பானிஷ் மொழிக் கழகத்தின் 2010 எழுத்திலக்கணம் தேவையில்லை என்றது, 2023ல் பொருள் மயங்கும் இடத்தில் விரும்பினால் போடலாம் என்று விளக்கம் வந்தது. அடுத்த பருவத்தில் பாடம் எடுக்கப்போகும் பேராசிரியர் எந்தக் கட்சி என்று முதல் கட்டுரைக்கு முன்பே கேட்டுவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.