விஷவாயுவா கொன்றது?

உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்ற செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. மலக்குழியில் உருவாகும் அந்த விஷவாயு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு; அது மிகுந்துவிட்டால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது. ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் அப்படியே.

இது தெரிந்தும் உள்ளே இறக்கியவர் யார், ஒப்பந்தக்காரர் யார், யாருக்குத் தண்டனை கிடைத்தது? செய்தி எழுதுகிறவர்களே, அதை எழுதுங்கள். சாகிறவர்கள் பெரும்பாலும் ஏன் தலித்துகளாகவே இருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் குடியிருப்பில் தொட்டி நிரம்பினால், ஆள் இறங்கக் கூடாது, இயந்திரம்தான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். செலவு கூடும். கூடட்டும்.