லீலா டவுன்

2007 மார்ச் மாதம், சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். மூன்றாவது நாள் காலையில் டீம் முழுக்க ஒரு மின்னஞ்சல் வந்தது: 'லீலா டவுன். யாராவது போய்ப் பாருங்கள்.' அதுவரை எல்லார் பெயரும் எனக்குப் பிடிபட்டிருக்கவில்லை. யாரோ நம்மூர்ப் பெண்ணுக்கு உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் லீலா எந்தத் தளத்தில் உட்காருகிறார் என்று கேட்டேன். "மூன்றாவது ரேக், கீழேயிருந்து இரண்டாவது" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லீலா எங்கள் பில்ட் சர்வர், அதாவது நாங்கள் எழுதுகிற நிரலையெல்லாம் சேர்த்து ஓடக்கூடிய மென்பொருளாக்கும் கணினி. அவளுக்கு மேலே கே-9. மற்ற சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. கோப்புகள் எல்லாம் டார்டிஸில். டெஸ்ட் மெஷின்களை உருவாக்கித் தள்ளுவது டாவ்ரோஸ். அது உருவாக்குகிறவை டாலெக்-1 முதல் டாலெக்-8 வரை. சரி, ஏதோ கிரேக்கப் புராணம் என்று விட்டுவிட்டேன். புராணம்தான், ஆனால் பிபிசி புராணம்.

பெயர் வைத்தவர் எங்கள் சீனியர். தாடிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார், மதியம் தனியாகச் சாப்பிடுவார். லீலாவைப் பற்றி நான் கேட்டதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் என் மேஜைக்கு வந்து, பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடரான டாக்டர் ஹூவின் மொத்தக் கதையையும் நின்றபடியே சொன்னார். காலத்திலும் விண்வெளியிலும் சுற்றுகிற டாக்டர் என்பவர்தான் நாயகன். அவருடைய வாகனமான டார்டிஸ் வெளியே பார்த்தால் லண்டன் தெருமுனைகளில் இருந்த நீல நிறப் போலீஸ் பெட்டி, உள்ளே போனால் மாளிகை. அதனால் கோப்பு சர்வருக்கு அந்தப் பெயர். கே-9 ஒரு இயந்திர நாய். டாவ்ரோஸ், டாலெக் என்ற கொடிய எதிரிகளைப் படைத்த விஞ்ஞானி. லீலா காட்டுக்குலத்துப் பெண், டாக்டரின் பயணத் துணை. "அட்ரிக் என்று மட்டும் எந்த சர்வருக்கும் வைக்கமாட்டேன். 1982-ல் விண்கலம் மோதிச் செத்துப்போனவன். கிராஷைக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிற மாதிரி" என்றார். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அதனால் எனக்கு ஊர்க்காரர் என்றும் ஒரு தகவல். லக்னோவுக்கும் எங்கள் விருதுநகருக்கும் நடுவில் எத்தனை ரயில் மாறவேண்டும் என்பதை நான் விளக்கவில்லை.

தொடர் தொடங்கியது 1963 நவம்பர் 23-ல், கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். டாக்டருக்குச் சாவு கிடையாது. உடம்பு தாங்காத நிலை வந்தால் வேறு முகத்தோடு, வேறு குணத்தோடு எழுந்து நிற்பார். 1966-ல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை மோசமானபோது தொடரை நிறுத்தாமல் ஓட்டுவதற்குக் கண்டுபிடித்த வழி அது. எனக்கு இது உடனே புரிந்தது. நம்மூர் சீரியல்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அந்த ஒரு வரியையே கதையாக்கி, அதை வைத்தே அரை நூற்றாண்டு பிழைத்திருக்கிறார்கள்.

அவர் கொடுத்த டிவிடியை வீட்டில் போட்டுப் பார்த்தேன். 1975-ல் வந்த கதை. விண்வெளி நிலையத்தில் ஒரு ராட்சதப் புழு ஊர்ந்து வருகிறது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, பொட்டலம் கட்டும்போது உடையாமலிருக்கச் சுற்றுகிற குமிழி பிளாஸ்டிக். அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். என் மனைவி சிரித்த சிரிப்பில் பையன் எழுந்துவிட்டான். மறுநாள் டிவிடியைத் திருப்பிக் கொடுத்து, நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. "குமிழி வெடிக்கிறதைக் காதில் வாங்காமல் பார்க்கப் பழகவேண்டும்" என்றார்.

அமெரிக்காவில் இந்தத் தொடர் ஏன் அத்தனை காலம் மூலையில் கிடந்தது என்பதற்கு அவர் வாழ்க்கையே விளக்கம். பெரிய சேனல் எதுவும் எடுக்கவில்லை. 1970-களின் கடைசியிலிருந்து பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே வாங்கி, தங்களுக்குத் தோன்றிய நேரத்தில் போட்டன. சிகாகோவில் 11-ஆம் சேனல், ஞாயிறு ராத்திரி. பிரிட்டனில் 25 நிமிஷ அத்தியாயங்களாக வாராவாரம் வந்ததை இங்கே ஒட்டி ஒரே படமாக்கி நள்ளிரவு வரை ஓட்டினார்கள். திங்கள் காலை முதல் பீரியடில் கண் செருகியவர்கள்தான் அன்றைய ரசிகர் கூட்டம். அந்த நிலையங்கள் நேயர்கள் தருகிற நன்கொடையில் ஓடுபவை. நன்கொடை திரட்டும் ராத்திரிகளில் ரசிகர்களே போய் உட்கார்ந்து தொலைபேசி எடுப்பார்கள். தாடிக்காரரும் எடுத்திருக்கிறார், நான்காவது டாக்டராக நடித்த டாம் பேக்கர் சுற்றியிருந்த மாதிரி முழங்கால் தாண்டித் தொங்கும் மஃப்ளரோடு, அம்மா பின்னிக் கொடுத்தது. அசல் மஃப்ளர் அவ்வளவு நீளமானதே ஒரு தவறால்தான். தொடருக்காகப் பின்னிய அம்மாள், பின்னச் சொல்லிக் கொடுத்த கம்பளி மொத்தத்தையும் பின்னி முடித்துவிட்டார்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது 1987 நவம்பர் 22 ராத்திரி. கலங்கரை விளக்கத்தில் நடக்கும் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் லீலாவும் உண்டு. பதினொன்றேகால் மணிக்குத் திடீரென்று படம் போய், மேக்ஸ் ஹெட்ரூம் முகமூடி போட்ட ஒருவன் திரையில் வந்து உளறுகிறான். யாரோ சிக்னலைக் கடத்திவிட்டார்கள். அதே ராத்திரி இரண்டு மணி நேரம் முன்பு இன்னொரு சேனலின் செய்தியிலும் வந்துவிட்டுப் போனவன். சியர்ஸ் டவர் உச்சியில் இருந்த டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் அந்த நேரத்தில் ஆள் கிடையாது, அதனால் தடுக்க வழியில்லை. ஒன்றரை நிமிஷம். இன்றுவரை பிடிபடவில்லை. (அந்த முகமூடிப் பாத்திரமும் பிரிட்டிஷ் அறிவியல் புனைவில் பிறந்ததுதான். வீட்டுச் சண்டை.) அமெரிக்காவில் டாக்டர் ஹூவை ஊர் முழுக்கப் பேசியது அன்றுதான், அதுவும் யாரோ ஒருவன் அதை மறைத்ததால்.

தாடிக்காரர் அதை வீடியோ டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்தார். கதை கெட்டுப்போன கோபத்தில், அடுத்த முறை அதே கதை வந்தபோது அதே டேப்பில், அதன் மேலேயே சுத்தமாகப் பதிவு செய்துவிட்டார். பிபிசியும் இதைத்தான் செய்தது. அறுபதுகளின் டேப்புகளை அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தியது. 2013-ல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் கிடைத்த பிறகும் 97 காணாமலே இருந்தன. பேக்-அப் பற்றி எங்களுக்கு அவர் பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்த இரண்டு குற்றங்களும் சேர்ந்தே வரும்.

1989-ல் தொடர் நின்றது. 1996 மே மாதம் ஃபாக்ஸ் சேனல் ஒரு டிவி படமாக எடுத்துப் பார்த்தது, எடுபடவில்லை. 2005-ல் பிபிசி எழுத்தாளர் ரஸ்ஸல் டி. டேவிஸை வைத்து மறுபடி தொடங்கியது. இந்த முறை அத்தியாயம் 45 நிமிஷம். அதாவது விளம்பரம் சேர்த்தால் அமெரிக்க சேனலின் ஒரு மணி நேரத்தில் ஒழுங்காக உட்காரும். பெரிய பெரிய காரணமெல்லாம் சொல்வார்கள். பத்து வருஷம் சாஃப்ட்வேர் டெலிவரி செய்தவன் என்ற முறையில் நான் இந்த அளவுக் கணக்கைத்தான் முதலில் வைப்பேன். பிளக் பொருந்தினால்தானே கரண்ட். 2006-ல் சை-ஃபை சேனலில் வந்தது, அப்புறம் பிபிசி அமெரிக்கா, அப்புறம் நெட்ஃபிளிக்ஸ். 2011-ல் முதல் இரண்டு அத்தியாயங்களுக்காக யூட்டா பாலைவனத்துக்கே வந்து படம்பிடித்தார்கள். அந்த வருஷம் லண்டனில் ஒளிபரப்பான அதே நாளில் இங்கேயும் ஒளிபரப்பு.

ஒரே ஒரு வாரம் தவிர. மே கடைசியில் நினைவு தின விடுமுறை என்று பிபிசி அமெரிக்கா ஒரு வாரம் தள்ளிப்போட்டது. சரியாக அந்த வாரம் எங்களுக்கு ஒரு இன்டர்ன் பெண் வந்து சேர்ந்தாள். சர்வர் பட்டியலைக் கையில் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவள் டாவ்ரோஸுக்கு வந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். "டாலெக்குகளைச் செய்வது டாவ்ரோஸ்! யார் இதை வைத்தது?" மூன்று தடுப்பு தள்ளி உட்கார்ந்திருந்த தாடிக்காரர் எழுந்து நின்றார். பெயர் வைத்து ஒன்பது வருஷமாம். அதுவரை ஒருவர்கூடச் சிரித்ததில்லை.

அவள் உடனே, போன சனிக்கிழமை அத்தியாயத்தின் முடிவைப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்தாள். எங்கிருந்தோ இறக்கிப் பார்த்திருக்கிறாள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவன். ஒரு வாரம் காத்திருக்கமாட்டேனா?"

அப்புறம் வேகமாகப் பரவியது. அந்த வருஷம் ஹாலோவீனுக்கு எங்கள் தளத்தில் மட்டும் நான்கு பேர் அப்போதைய டாக்டரைப் போல வில் டை கட்டி, துருக்கித் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார்கள். மால் கடையில் நீலப்பெட்டி படம் போட்ட டி-ஷர்ட் தொங்கியது. அடுத்த வருஷம் எண்டர்டெயின்மென்ட் வீக்லி அட்டையில் அப்போது டாக்டராக நடித்த மாட் ஸ்மித். என் பையன் பள்ளியிலிருந்து டாக்டர் கையில் வைத்திருக்கும் சொனிக் ஸ்க்ரூடிரைவர் ஒன்று கேட்டுக்கொண்டு வந்தான். குமிழிப் புழுவைப் பார்த்துச் சிரித்த மனைவி, அவனோடு உட்கார்ந்து அழும் கல்தேவதைகளைப் பார்த்துவிட்டு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது என்னையும் துணைக்கு எழுப்பினாள்.

தாடிக்காரர் கசந்துகொள்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். யாருக்கும் தெரியாத கோவிலை ஊரே கண்டுபிடித்து, வாசலில் பிரசாத ஸ்டால் போட்டுவிட்டால் பழைய பக்தருக்கு வருமே, அந்த மாதிரி. இரண்டு வருஷம் கவனித்தேன், வரவில்லை. மதியம் தனியாகச் சாப்பிட்டவரின் மேஜையில் ஐந்தாறு பேர் சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பழைய கதைகளை வரிசை போட்டு எழுதிக் கொடுத்தார். குமிழிப் புழுவை ஏழாவதாக வைத்திருந்தார். எனக்கு அதை முதலிலேயே கொடுத்தது தன் தப்பு என்று ஒத்துக்கொண்டார்.

2013-ல் எங்கள் நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தது. புது ஐ.டி. கொள்கை வந்தது. சர்வர் பெயர்கள் இனி ஊர், வேலை, எண் என்ற வரிசையில்தான் இருக்கவேண்டும். லீலா இனி 'ஐஎல்-பில்ட்-01'. யாருக்குமே அர்த்தம் புரியாத காலத்தில் பதினோரு வருஷமாகப் பிழைத்திருந்த பெயர்கள், எல்லாருக்கும் புரிகிற வருஷத்தில் போகின்றன. மாற்ற நாள் நவம்பர் 23, சனிக்கிழமை. யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை. நன்றி நவிலும் நாள் வாரத்திலிருந்து புத்தாண்டுவரை எங்களுக்கு எதையும் தொடக்கூடாது என்ற விதி. அதற்கு முன்னால் அதுதான் கடைசி சனி.

அதே சனிக்கிழமைதான் தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படம். 94 நாடுகளில் ஒரே நேரத்தில். எங்கள் கடிகாரத்தில் மதியம் 1:50. தரவை நகலெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால் சரியாக 1:40-க்கு நகலை ஓடவிட்டுவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினோம். அங்கே டிவியில் கல்லூரிக் கால்பந்து. ரிமோட் செக்யூரிட்டிப் பெரியவரிடம். நான் காலையில் ஆரோரா பெருமாள் கோவிலில் வாங்கி வந்திருந்த புளியோதரையில் ஒரு தட்டு கொடுத்ததும் சேனல் மாறியது. அந்தப் பெண் (அதற்குள் நிரந்தரமாகியிருந்தாள்) மீன் விரல் வறுவலும் கஸ்டர்டும் கொண்டுவந்திருந்தாள். தொடரில் டாக்டர் அப்படிச் சாப்பிடுவாராம். இரண்டையும் சேர்த்து ஒரு வாய் வைத்தேன். டாக்டர் வேற்றுக்கிரகவாசி என்பதில் அதன்பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

திரையில் மூன்று டாக்டர்கள் ஒன்றாக நின்றபோது, இவர்களில் யார் யாருக்குச் சொந்தம் என்று பெரியவர் கேட்டார். மூன்று பேரும் ஒரே ஆள் என்றேன். "என் மாமியார் பார்க்கும் நாடகத்திலும் அப்படித்தான்" என்று தலையாட்டிவிட்டு மறுபடி புளியோதரைக்குத் திரும்பினார்.

கடைசியில் மாட் ஸ்மித் ஒரு ஓவியத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வருகிறது, கனத்த, வயதான குரல். முகம் இன்னும் காட்டவில்லை. என் பக்கத்தில் தாடிக்காரர் கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் கரண்டி கீழே விழுந்தது. அப்புறம்தான் டாம் பேக்கர் தடியூன்றி உள்ளே வந்தார், 79 வயதில், மஃப்ளர் இல்லாமல். இளைஞர்கள் திரையைப் பார்த்துவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தார்கள், யார் அது என்று கேட்பதற்காக. முகத்தைப் பார்த்ததும் யாரும் கேட்கவில்லை.

படம் முடிந்தது. கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு, "சரி, நகல் முடிந்திருக்கும்" என்று மாடிக்குப் போனார். நான்கு மணிக்குள் பெயர்கள் மாறிவிட்டன.

திங்கட்கிழமை காலை பில்ட் ஓடவில்லை. தப்பு என்னுடையது. 2009-ல் நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்டில் சர்வரின் பெயரை அமைப்புக் கோப்பிலிருந்து எடுக்காமல் 'லீலா' என்று நேரடியாகவே அடித்து வைத்திருந்தேன். எத்தனை இடத்தில் இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, பத்தரை மணிக்குத் தானாகவே எல்லாம் ஓட ஆரம்பித்தது. எந்தப் பெயர் எந்தக் கணினிக்கு என்று காட்டும் டி.என்.எஸ். பட்டியலைத் திறந்து பார்த்தேன். 'லீலா' என்று ஒரு மாற்றுப்பெயர் 'ஐஎல்-பில்ட்-01'-ஐக் காட்டியபடி புதிதாக உட்கார்ந்திருந்தது. கொள்கைப்படி அதற்கு அனுமதி கிடையாது. சேர்த்த நேரம் காலை 10:26.

தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவர் அன்று மாலை தியேட்டரில் அதே படத்தை 3டி-யில் பார்க்க அந்தப் பெண்ணோடும் மற்றவர்களோடும் யார் காரில் போவது என்று பேசிக்கொண்டிருந்தார். நான் பட்டியலை மூடிவிட்டு, ஸ்கிரிப்டை அப்படியே விட்டுவிட்டேன்.