திடப்படுத்தல் வகுப்பில் டைனோசர்

திடப்படுத்தல் வகுப்புக்கு, அதாவது நற்கருணைக்கு முன் விசுவாசத்தைக் கற்பிக்கும் லுத்தரன் சபை வகுப்புக்கு, வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்பது, பத்து படிப்பவர்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடம். ஆதியாகமத்தைத் திறந்ததும் "ஐயா, டைனோசர் எத்தனையாம் நாள்?" என்று ஒரு குரல் வந்தே தீரும். அப்போது பதற்றத்தில் செய்கிற தவறு, ஏசாயா 40:22-ஐ எடுத்து, "பார், விஞ்ஞானிக்கு முன்பே வேதம் பூமி உருண்டை என்றது" என்று சொல்லிவிடுவது. அந்த வாரம் தப்பிக்கலாம். அடுத்த வாரம் அதே பிள்ளை சங்கீதம் 93-ஐக் காட்டி, "பூச்சக்கரம் அசையாது என்றும் இருக்கிறதே?" என்று கேட்டால் பதில் இருக்காது.

முதலில் சொல்லைப் பார்க்க வேண்டும். அந்த 'உருண்டை' தமிழ் மொழிபெயர்ப்பு தந்தது. எபிரெயத்தில் இருப்பது 'ஹூக்': வட்டம், வளைவு. யோபு 22:14-ல் அதே சொல் வானத்துக்கு வருகிறது. பந்துக்கு வேறு சொல் உண்டு; ஏசாயா 22:18-ல் வருவது அதுதான். 'பூச்சக்கரம்' என்பதும் அப்படியே. மூலச்சொல் 'தேபேல்', குடியிருக்கும் உலகம். அதில் சக்கரம் கிடையாது. 'ஆகாயவிரிவு' என்று நாம் படிப்பது 'ராகியா'. உலோகத்தைத் தட்டித் தகடாக விரிப்பதற்கான வினையிலிருந்து வந்தது. யாத்திராகமம் 39:3-ல் பொன்னைத் தகடாக அடிப்பதும் அந்த வினையே. பித்தளைப் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்ட பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

அடுத்து, அந்த வசனம் யாருக்கு என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். நியாயப்பிரமாணமா (கட்டளை), சுவிசேஷமா (நற்செய்தி) என்று லுத்தரன் பிரசங்கிகள் பிரித்துப் பார்ப்பது இதற்காகத்தான். ஏசாயா 40 நாடிழந்து பாபிலோனில் கிடந்த ஜனத்துக்குச் சொன்ன ஆறுதல். பூமியின் குடிகள் வெட்டுக்கிளி போல, கடவுள் மேலே இருக்கிறார் என்கிறது. பூமியின் வடிவத்தை அங்கே யாரும் கேட்கவில்லை.

சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரை மேற்கோள் காட்டும்போது பாதியை மறைக்கக்கூடாது. 1535 முதல் 1545 வரை நடத்திய ஆதியாகம விரிவுரையில் அவர் ஆறு நாள் என்றால் ஆறு நாளே என்றார். எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டது என்று பழைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் கொண்ட பொருளை ஏற்கவில்லை. அதே விரிவுரையில், ஒவ்வொரு கலைக்கும் அதன் சொந்தச் சொல்வழக்கு உண்டு, ஒன்றையொன்று இகழாமல் உதவ வேண்டும் என்றும் சொன்னார். 1539-ல் சாப்பாட்டு மேசையில், பூமிதான் சுற்றுகிறது என்ற கொப்பர்னிக்கஸின் புதிய வானியலைப் பற்றி அவர் பேசியது எல்லோர் கைக்கும் கிடைக்கும் துண்டு. கொப்பர்னிக்கஸை 'மூடன்' என்கிற சொல் 1566-ல் அச்சான வடிவத்தில் இருக்கிறது. அருகிலிருந்தவர் எழுதிய குறிப்பில் இல்லை. அதே 1539-ல்தான் லுத்தர் கற்பித்த விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் ரெட்டிகுஸ் கொப்பர்னிக்கஸைத் தேடிப் போனார். 1543-ல் கொப்பர்னிக்கஸின் நூல் அச்சேறியபோது, இது வெறும் கணக்குக்கான யூகம் என்று கையெழுத்தில்லாத முன்னுரை சேர்த்தவர் லுத்தரன் போதகர் ஓசியாண்டர். வேதம் அன்றாட விஷயங்களை மனிதர் பேசுகிறபடியே பேசுகிறது என்று 1609-ல் எழுதிய வானியலாளர் கெப்லரும் லுத்தரன். லின்ஸ் நகரில் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது உண்மை. ஆனால் காரணம் வானியல் அல்ல, நற்கருணை உபதேசம்.

நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் பாதியையாவது லுத்தரின் வினா-விடை நூலான சிறிய ஞானோபதேசத்தில் விசுவாசப் பிரமாணத்தின் முதல் பகுதிக்குக் கொடுக்கலாம். 1529-ல் லுத்தர் அதற்கு எழுதிய விளக்கம், கடவுள் என்னையும் சகல சிருஷ்டிகளையும் படைத்தார் என்று தொடங்குகிறது. 'என்னை' என்ற சொல்லில் நிறுத்திக் கேளுங்கள்: நீ அம்மா வயிற்றில் பத்து மாதம் இருந்து பிறந்தாயா, கடவுள் படைத்தாரா? இரண்டும்தான் என்று பிள்ளைகளே சொல்வார்கள். கருவியல் படித்த யாரும் இந்த வரியை அடித்துவிடச் சொன்னதில்லை. அங்கிருந்து மதுரை யானைமலைக்குப் போகலாம். அந்தப் பாறையின் வயது கோடிக் கணக்கில். திருவள்ளூர் அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு. 'படைத்தார்' என்பதற்கு இந்த எண்கள் எதிரி அல்ல; வேதத்தின் வம்ச வரலாறுகளைக் கூட்டி ஆறாயிரம் ஆண்டு என்று சொல்கிற கணக்குக்குத்தான் எதிரி. அந்தக் கணக்கு ஞானோபதேசத்தில் இல்லை.

லுத்தரன்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை, அதையும் வகுப்பில் சொல்லியாக வேண்டும். அமெரிக்க லுத்தரன் சபையான மிசூரி சினட் 1932-ல் ஆறு நாள் சிருஷ்டியை அறிக்கையாகவே எழுதி வைத்தது. வேதத்தை வரலாற்று முறையில் ஆராயலாமா என்ற சண்டையில் 1974-ல் போதகர்களைப் பயிற்றுவிக்கும் அதன் செயின்ட் லூயிஸ் செமினரி உடைந்து, பெரும்பாலான ஆசிரியர்களும் மாணவர்களும் வெளியேறினார்கள். நாகர்கோவில் பக்கம் வேரூன்றிய இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை அந்த மிஷன் வழி வந்தது. தரங்கம்பாடி வழி வந்த சபை வேறு. மதுரைப் பிள்ளைக்கு நாகர்கோவிலில் சித்தப்பா இருந்தால், கோடை விடுமுறையில் வேறு பதில் கேட்டுவிட்டு வரும். அந்தச் சித்தப்பாவை வகுப்பில் கேலி செய்தால் பிள்ளை அடுத்த வாரம் வராது.

பரீட்சையில் என்ன எழுதுவது என்று கேட்டால், பாடநூலில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். டைனோசர் எத்தனையாம் நாள் என்ற கேள்விக்கு, ஆதியாகமம் அதைப் பற்றிப் பேசவில்லை என்பதே போதும். ஐந்தாம் நாளின் 'மகா மச்சங்களை' டைனோசர் வரை இழுத்து நீட்ட வேண்டாம்.